முந்நூற்று எண்பத்தாறு

ஜனவரி 12, 2022. புதன்கிழமை.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. 'அப்பா கோபப்பட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு வந்தது பயம் என்று இன்று காலையில்தான் புரிந்தது. எங்கள் மாலை நேரத் தமிழ் வகுப்பில், எழுதியதை அடிக்காமல் மறுநாள் பக்கத்தில் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேற்றிலிருந்தே மறுபடி எழுதுகிறேன். நான் கன்னட மீடியத்தில் படித்தவள். எல்லாம் வரிசையாக வருகிறதா என்று எனக்கே சந்தேகம்தான். முயன்று பார்க்கிறேன்.

அப்பாவின் பெயர் மாணிக்கவாசகம். வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கொரோனா வந்து பள்ளிகளை மூடியதும் முதலாளி சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேனை விற்றுவிட்டார். அதற்குப் பின் அப்பா மூட்டை இறக்கினார், ஓர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாக இருந்தார், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆக்டிங் டிரைவராகப் போனார். நிலையான வேலை எதுவும் அமையவில்லை. அம்மா நாச்சம்மாள் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். நான் மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன்.

வேலை இல்லாத அந்த முதல் வருடத்தில்தான் அப்பாவுக்குச் சக்கரை அச்சுப் பைத்தியம் பிடித்தது. இங்கே கன்னடக்காரர்கள் சங்கராந்திக்கு எள், வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கூடவே மர அச்சில் சர்க்கரைப் பாகை ஊற்றி வார்த்த பொம்மைகளும் இருக்கும். அப்பா தேவராஜா மார்க்கெட்டில் பழைய அச்சுகள் சில வாங்கி வந்தார். கிளி, மயில், துளசி மாடம், தும்பிக்கை உடைந்த ஒரு யானை. யானை அச்சில் எப்போது வார்த்தாலும் பன்றிதான் வரும். ஆனாலும் அவர் அதை விடவில்லை. வேனைக் கழுவித் துடைத்து வைப்பது போலவே அச்சுகளையும் ஊறவைத்துத் துடைத்து வைப்பார்.

அவருக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்குக் கேலி செய்ய இது போதும்.

"சுகர்காரரு சக்கரையில கிளி பண்றாரு. அடுத்தது பி.பி. வந்தா உப்புல மயில் பண்ணுவாரு."

ஆனால் அப்பா ஒரு துணுக்குகூட வாயில் போட்டதில்லை. இந்த வருடம் எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் அவர் செய்யும் பொட்டலங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் இருக்கும் ரங்கராஜ் சார் பேசினார். தொழிலாளர்களை ஏற்றி வரும் வேனுக்கு ஓட்டுநர் வேண்டும் என்றார்.

"பி.பி., சுகர் ரெண்டும் கண்ட்ரோல்ல இருக்குன்னு டாக்டர் லெட்டர் ஒண்ணு வேணும். வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்கோ. இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடுவா."

மாதச் சம்பளம், அதோடு இ.எஸ்.ஐ. உண்டு. அப்பாவுக்குச் சம்பளத்தைவிட இ.எஸ்.ஐ.தான் பெரிதாகத் தெரிந்தது. "இனி ஒடம்புக்கு என்ன வந்தாலும் உங்க ரெண்டு பேரு கையை எதிர்பாக்க வேண்டாம்," என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நேற்று மாலை. நான் கடையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். அப்பா கேட்டுத்தான் வாங்கி வந்தேன். டாக்டரிடம் போவதற்கு முன் நாமே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். தரையில் செய்தித்தாளை விரித்து, பாக்குவெட்டியால் வெல்லத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கையை நீட்டினார். கதவருகே கயிற்றில் தொங்கும் சானிட்டைசரை எடுத்து அவர் விரலில் பீய்ச்சினேன். இந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான், பால் பாக்கெட்டுக்குக்கூட. காய்ந்ததும் ஊசியால் குத்தி, ரத்தத்தைக் கருவியின் பட்டையில் தொட்டு வைத்தேன்.

முந்நூற்று எண்பத்தாறு.

நான் அதை உரக்கப் படித்தேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு துண்டு வாயில போட்டிருப்பனா? நீயே சொல்லு கண்ணு," என்றார் அப்பா.

"போட்டிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அவளுக்கு எண்ணைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது. அச்சுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, நாற்காலி மேல் ஏறிப் பரணில் வைத்தாள். "இனி இந்த வீட்டுக்குள்ள சக்கரையே வரக் கூடாது. ஒத்துக்கிட்ட பொட்டலத்தை மட்டும் நான் கட்டிக் குடுத்தர்றேன். அத்தோட சரி."

இன்னொரு முறை குத்திப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். "பேடா பிடு, வேண்டாம் விடு. ரங்கராஜ் சாருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதைத்தான் கோபம் என்று எழுதினேன். ஏழு மணிக்கு ஆன்லைன் வகுப்பு இருந்ததால் நானும் கதவைத் தட்டவில்லை.

இன்று காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள்.

"ஒண்ணுதானப்பா போடணும்?"

"முந்நூத்தி எண்பத்தாறுக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்?"

"டாக்டரைக் கேக்காம எப்படிப் போடறது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தொட்டையனுக்கும் இப்படித்தான் திடீர்னு ஏறுச்சு," என்றார்.

தொட்டையன் அண்ணன் அப்பாவோடு அதே பள்ளிக்கு வேன் ஓட்டியவர். அவருக்கும் சர்க்கரை இருந்தது. போன மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அப்பா ஸ்கூட்டரில் போனார். திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பெயரை அப்பா சொன்னதும் நேற்று எழுதிய வரி தவறு என்று தெரிந்துவிட்டது.

அம்மா கொல்லைப்பக்க வராந்தாவில் மீதி வெல்லத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழுந்து எழுந்து வந்தாள்.

"ரெண்டு மாத்திரையா? குடுங்க இங்க. அந்த மிஷினே கெட்டுப் போயிருக்கும். அஷ்வினி, எனக்கு வெச்சுப் பாரு. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. எனக்குச் சரியாக் காட்டுச்சுன்னா மிஷினை நம்பறேன்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் விரலில் சானிட்டைசர் பீய்ச்சினேன். காய விட்டேன். குத்தினேன்.

முந்நூற்று நாற்பத்தொன்று.

இம்முறை நான் படிக்கவில்லை. அம்மாவே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குமா?"

அப்பா தன் கவலையை மறந்துவிட்டார். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "ஏ புள்ள, பயப்படாத. இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நான் நாலு வருசமா இல்லியா? மாத்திரை கசக்கக்கூடக் கசக்காது." சொல்லிவிட்டு, கையிலிருந்த இரண்டில் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"போங்க அந்தப் பக்கம். எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்று அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டாள். குத்திய இடத்தில் ரத்தம் நிற்காததால் விரலை வாயில் வைத்தாள். வைத்தவள் கண்களை அகல விரித்தாள்.

"அய்யோ! அம்மிணி, ரத்தமே இனிக்குதுடி!"

"அவ்வளவு முத்திப் போச்சா?" என்றார் அப்பா.

அந்த நிமிடம் நானும் நம்பிவிட்டேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், தினமும் இந்தக் கருவியை விற்கிறவள், எனக்கு உடனே தோன்றவில்லை. அம்மாவின் நகத்தடியில் பழுப்பாக ஏதோ மின்னியதைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

"அம்மா, குத்தாத விரல் ஒண்ணை வாயில வெச்சுப் பாரு."

வைத்தாள். "இதுவும் இனிக்குது."

"அந்தக் கை?"

"இதுவுந்தான்."

"அது ரத்தமில்லம்மா. வெல்லம்."

நேற்று வெல்லம் வெட்டிய கையைத்தான் அப்பாவும் நீட்டியிருந்தார்; அம்மாவின் விரலில் தன் விரலைத் தேய்த்து, மூக்கருகே கொண்டு போய் மோந்து பார்த்தார். பிறகு அவரும் அதை வாயில் வைத்தார். நான்கு வருடத்தில் அவர் தின்ற முதல் வெல்லம் அதுவாகத்தான் இருக்கும்.

"ஹௌது, ஆமா," என்றார் மெல்ல.

இருவரையும் குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நகத்தடி வரைக்கும் கழுவ வைத்தேன். துண்டால் துடைத்தேன். முதலில் அம்மாவுக்குப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. அப்பாவுக்கு நூற்று இருபத்தொன்பது. அடுத்த விரலிலும் பார்த்தேன். அதே அளவுதான்.

"இன்னொருக்கா பாரு கண்ணு," என்றார் அப்பா.

"போதும் விடுங்க. இருக்கற ரத்தத்தை எல்லாம் இவ எடுத்துட்டா டாக்டருக்கு என்ன குடுப்பீங்க?" என்றாள் அம்மா. பேசும்போது சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அப்பா ஒரு மாத்திரையை மட்டும் விழுங்கினார். மற்றதை டப்பாவில் திரும்பப் போட்டார்.

கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் அப்பாவோடு டாக்டரிடம் போனேன். காய்ச்சல்காரர்கள் அதிகம் இருந்ததால் எங்களை வெளியே மரத்தடியில் நிற்க வைத்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் கன்னடக்காரர். எங்களைப் பார்த்தால் தமிழில்தான் பேச முயல்வார். கையிலிருந்து ரத்தம் எடுக்கச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார், பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். நான் நேற்றும் இன்று காலையும் நடந்ததைச் சொன்னேன். என்மேல் தவறு இருக்கும்போது நான் தேவைக்கு மேல் விளக்குவேன். சானிட்டைசர் எந்தக் கையால் பீய்ச்சினேன் என்பது வரைக்கும் சொன்னேன்.

டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். "சானிட்டைசர் போட்டா வைரஸ் சாகும்மா, வெல்லம் போகாது. அதுக்குத் தண்ணியும் சோப்பும் பேக்கு, வேணும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "நீங்க ரெண்டு மாத்திரை போட்டிருந்தா சுகர் கீழ போய் மயக்கம் வந்திருக்கும். நல்லவேளை, போடல. இனி எது மாத்தணும்னாலும் என்னைக் கேட்டு மாத்துங்க."

அப்பா தலையாட்டினார். "சக்கரை அச்சு செய்யலாமா டாக்டர்?"

"தாராளமா செய்யுங்க. எனக்கும் ஒரு கிளி கொடுங்க. சாப்பிட மட்டும் பேடா. சாயங்காலம் நடங்க."

மதியம் ஆய்வக முடிவு வந்தது. கொஞ்சம் கூடுதல், ஆனால் கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா அந்தக் கடிதத்தை மடிக்கவே விடவில்லை. என் பையிலிருந்த தமிழ்ப் பாடப் புத்தகத்துக்குள் நீட்டமாக வைத்து எடுத்து வந்தோம். வேண்டாம் என்று சொல்ல அப்பா போன் பண்ணியிருக்கவில்லை; படம் எடுத்து நானே ரங்கராஜ் சாருக்கு அனுப்பினேன். சரியாக அனுப்பினேனா என்று இரண்டு முறை பார்த்தேன். அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை காலம்பற ஷெட்டுக்கு வந்துடுங்கோ மாணிக்கவாசகம். யூனிஃபார்முக்கு அளவு எடுக்கணும். லைசென்ஸ் காப்பியும் போட்டோவும் நாளன்னிக்கே ஆபீஸ்ல குடுத்துடுங்கோ."

அப்பா போனை வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டார்.

அம்மா ஓடி வந்து நாற்காலியைப் பிடித்தாள். "மெதுவா. விழுந்து கால ஒடிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்."

"நீதானே மேல தூக்கி வெச்ச?"

"நான் வெச்சேன்னா நான் எடுத்துத் தர மாட்டனா? இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, "மிஷின் நல்ல மிஷின்தான், இல்ல?" என்று என்னிடம் கேட்டார். நல்ல கருவிதான் அப்பா என்றேன்.

இப்போது மாலை ஆறரை. அடுப்பில் பாகு கொதிக்கிற சத்தம் கேட்கிறது. அம்மா வெல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டானில் தண்ணீர் வைத்திருக்கிறாள், கை கழுவ. எதற்கு நன்றி சொல்வது என்று யோசித்தேன். அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அது பெரியதுதான். ஆனால் அவர் தனக்கென்று வைத்திருந்த மாத்திரையில் ஒன்றை அம்மாவிடம் நீட்டினாரே, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். தவறான மருந்துதான், தவறான நோய்க்குத்தான். இருந்தாலும் எனக்கு இப்படிப்பட்ட அப்பாவும் அம்மாவும், இந்த இரண்டு வருடத்துக்குப் பிறகும், அடுத்த அறையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதை நன்றாக எழுதத் தெரியவில்லை. வகுப்பில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாளை: கடைக்குப் போகும் வழியில் அப்பாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு முன் அவர் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். லைசென்ஸை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.