கட்டைவிரல் துரு

அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்த சலூனில் ஒரே ஒரு சட்டம்தான். சவரக்கத்தியின் தகட்டில் விரல் படக்கூடாது. விரல் பட்டால் வியர்வை ஒட்டும், வியர்வை ஒட்டினால் துரு பிடிக்கும். தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் இது மண்டையில் ஏறவில்லை. மறந்துபோய்த் தொட்டுவிடுவார். "கையா அது, உப்பளமா?" என்று அண்ணன் கடை அதிரக் கத்துவார்.

அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகிறது. நாற்பது வருடத் திட்டுக்கு மசியாத தம்பி, திட்ட ஆளில்லாமல் போனதும் திருந்திவிட்டார். மனுஷ புத்தி வேறெப்படி இருக்கும்? தினமும் சாயங்காலம் அண்ணனுடைய கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார்.

அப்படிப் பூட்டிய கத்தியில் ஒரு நாள் காலை துரு இருந்தது. திட்டுத் திட்டாக இல்லை. அச்சு அசலாக ஒரு கட்டைவிரல் ரேகை. தன்னையே திட்டிக்கொண்டு, எண்ணெய் விட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். மறுநாள் அது மறுபடி வந்திருந்தது, கத்தியின் கூர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து.

இதை யாரிடமாவது சொல்லலாம்தான். ஆனால் அவரிடம் மறைக்க இன்னொன்றும் இருந்தது. ஒரு மாதமாக வலது கை நடுங்குகிறது. டம்ளர் பிடித்தால் ஒன்றுமில்லை; ஒருத்தர் தொண்டைக்குழியில் கத்தியை வைத்தால்தான் ஆரம்பிக்கும். போன வாரம் வாடிக்கையாக வரும் வாத்தியாருக்குக் காதோரம் கீறிவிட்டு, பருவின் மேல் பழியைப் போட்டார். சவரத்துக்குப் பேர்போன கடை. அதை விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாளும் ரேகை வரவே, கத்தியை அண்ணியிடம் கொண்டுபோனார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள்.

"தம்பி, இது உங்க விரல் இல்ல. குறுக்கே பாருங்க, ஒரு வெட்டு."

அவர் கத்தியை வாங்கிப் பார்த்தார். பத்து வயதில் கத்தியை வைத்து விளையாடி, பிடுங்க வந்த அண்ணனின் கட்டைவிரலில் அந்த வெட்டைப் போட்டதே அவர்தான்.

"உசுரோட இருந்தப்ப தகட்டுல ஒரு நாளும் கை வச்சதில்லையே அவரு. இப்ப எதுக்கு வைக்கிறாரு?" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை முதல் ஆளாக வாத்தியார் வந்து உட்கார்ந்தார். நுரை பூசி, தலையைச் சாய்த்து, அண்ணனின் கத்தியை விரித்தால், துரு கூர் வரைக்கும் தின்றிருந்தது. தன்னுடைய கத்தியை எடுத்தார். அதிலும் அதே வெட்டு விழுந்த ரேகை. வாங்கியதிலிருந்து பிரிக்காத புதுக்கத்தி ஒன்று இருந்தது. உறையைக் கிழித்தார். அதன் கூரிலும் அந்தக் கட்டைவிரல் உட்கார்ந்திருந்தது.

"கத்தி வருமா, இல்ல நான் தாடியே வளர்த்துக்கட்டுமா?" என்றார் வாத்தியார், கண்ணை மூடியபடி.

வந்தது வரட்டும் என்று புதுக்கத்தியோடு குனிந்தவர் எதிரே கண்ணாடியில் பார்த்தார். கத்தியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் வாத்தியாரின் தொண்டையில் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எதற்குக் கை வைக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"சரிண்ணே," என்றார் மெதுவாக. துண்டை எடுத்து வாத்தியாரின் நுரையைத் துடைத்தார். "சார், எனக்குக் கை நடுங்குது. இனிமே கத்தரி வேலை மட்டும்தான்."

வாத்தியார் காதோரக் கீறலைத் தடவிக்கொண்டு, "அப்பாடா," என்றார்.

அன்று சாயங்காலம் மூன்று கத்திகளையும் தேய்த்துச் சுத்தம் செய்தார். அண்ணனின் கத்திக்கு மட்டும் எண்ணெய் போடவில்லை. தகட்டின் நடுவில் தன் கட்டைவிரலை வேண்டுமென்றே அழுத்தி வைத்து எடுத்து, மடக்கிப் பூட்டினார்.

காலையில் திறந்தபோது அவருடைய ரேகை துருவேறிப் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் வேறு ரேகை இல்லை. புரட்டிப் பார்த்தார், அந்தப் பக்கமும் இல்லை. மற்ற இரண்டு கத்திகளிலும் இல்லை.

கத்தியை விரித்துப் பிடித்தபடி அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "கையா அது, உப்பளமா?" என்று யாரும் கேட்கவில்லை.