பெருங்கடவிளை வீட்டின் பின்னறை

பெருங்கடவிளையில் விலைக்குப் பார்த்த அந்த வீடு சுஜாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. பின்னறை மட்டும் எப்போதும் பூட்டியே கிடந்தது.

"பழைய சாமான் போட்ட முறியாக்கும், சேச்சி. சாவி உடமஸ்தன்கிட்ட உண்டு," என்று ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொன்னான் விற்பவரின் புரோக்கர் பிஜு. அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன், தனக்கென்று விலாசினி என்ற புரோக்கரை அழைத்து வந்தாள்.

விலாசினி நேரே பின்னறைக்குப் போனாள். "பிஜு, நீ வீட்டுக்காரனுக்க ஆளு. நான் சுஜாவுக்க ஆளாக்கும். எனக்கு இதத் திறந்து பாக்கணும்," என்று கதவைத் தட்டினாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

சுஜா விலாசினியின் கையை இறுகப் பிடித்தாள். முகம் வெளிறிய பிஜு, தன் சட்டைப் பையிலிருந்தே சாவியை எடுத்தான்.

கதவு திறந்ததும் ஒரு முதியவர் கட்டிலின் மூலைக்கு ஒதுங்கினார். "என்னைய வீட்ட விட்டு இறக்கி விடாதீங்க மக்கா. இதில பாதி எனக்குள்ளதாக்கும். விக்கதுக்கு நான் ஒப்பு போடல்லேன்னு, வீடு பாக்க ஆளு வரும்பம் எல்லாம் எனக்க தம்பி என்னைய உள்ள பூட்டிப் போடுவான்."

அவர் ஒதுங்கியது தன்னைக் கண்டுதான் என்று சுஜாவுக்குப் புரிந்தது. பிள்ளைகளோடு இங்கே குடிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"பயப்படண்டாம் அண்ணாச்சி. நான் இத வாங்கல்லே," என்றாள்.

மறுபடி பூட்ட வந்த பிஜுவை விலாசினி தடுத்தாள். சுஜா வார்டு மெம்பரை ஃபோனில் அழைத்தாள். அவர் வந்து சேரும்வரை இருவரும் அந்த வாசலைவிட்டு நகரவில்லை.