சார்ஜன்ட் பாடாத சனிக்கிழமை

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில், ரிச்மண்ட் ஹில்லில், ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் டியோநாத், அவர் மனைவி இந்த்ரானி, அப்புறம் சார்ஜன்ட். சார்ஜன்ட் ஒரு குருவி. கயானாவிலிருந்து வந்த பாட்டுக்குருவி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விடிந்தும் விடியாமலும் அது போடுகிற கூச்சலில் என் தூக்கம் தொலைந்துவிடும். "இந்தச் சனியன் ஒருநாளாவது வாயை மூடாதா" என்று இதே மேசையில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் மூடிக்கொண்டது. அன்றைக்குப் பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

"வசந்தகாலத்தின் இனிய காலைப்பொழுதில்…" (இனிமையாவது மண்ணாவது. ஏப்ரல் மாதம், விடாத மழை.)

"டியோநாத் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே…" (யார் கேட்டார்கள்?)

செருப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் சரி.

டியோநாத் வெள்ளிக்கிழமை உயிர்க்கோழிக் கடைக்குப் போனார். கறிக்கு அங்கேதான் வாங்குவார். கடையில் உறையவைத்த கோழி அவருக்கு ஆகாது. தரையெல்லாம் ஈரம், இறகு, எச்சம். அதே செருப்போடு வீட்டுக்குள் வந்தார். கையைக் கழுவாமல் சார்ஜன்ட்டுக்குத் தினை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு கம்புகளை நட்டு, இரண்டு கூண்டுகளை முகத்துக்கு முகம் மாட்டுவார்கள். ஐம்பது கூவலை முதலில் எட்டுகிற குருவிக்கு வெற்றி. எதிர்க்கூண்டில் இருந்தது மைத்துனன் பிஷாமின் ராக்கெட். ஜெயித்தது சார்ஜன்ட்.

புதன்கிழமை கோழிக்கடையை மூடி முத்திரை வைத்தார்கள். பறவைக் காய்ச்சல். வியாழக்கிழமை சார்ஜன்ட் பாடவில்லை.

3

"எறகு உதிர்க்கிற நேரம்டி. அப்ப எந்தக் குருவி பாடும்?" என்றார் டியோநாத்.

"எறகு எங்க? கூண்டுக்கு அடியில காகிதம் மாத்துறவ நான். ஒண்ணுகூட விழல."

"விழும்."

"டாக்டருக்கு போன் பண்ணுங்க."

"பண்ணுனா? எங்க வாங்குன, யாரு கொண்டாந்தா, காகிதம் எங்கன்னு கேப்பான். நீ பதில் சொல்லுவியா?"

(சார்ஜன்ட்டுக்கு இறக்குமதி அனுமதிக் காகிதம் கிடையாது. அது எப்படிக் கடல் தாண்டியது என்று இந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

"குருவிய எடுத்துட்டுப் போனாப் போகட்டும். நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணு. ஞாயித்துக்கெழம பூங்காவுல எத்தன கூண்டு தொங்கும், நெனச்சுப் பாத்தீங்களா?"

இந்த இடத்தில் எனக்கு இந்த்ரானி மேல் சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறாளே! கதைக்காரன் தன் வேலை சுலபமாகட்டும் என்று ஒரு புத்திசாலி மனைவியை வைத்துக்கொள்கிற தந்திரம் அல்லவா இது? குப்பை போடுகிற சாக்கில் கீழே இறங்கி எட்டிப் பார்த்தேன். வெளுப்புத் தண்ணீரில் கை சிவக்கச் சிவக்க அந்தச் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. தினமும் அவித்த முட்டையைத் தன் விரலில் வைத்துச் சார்ஜன்ட்டுக்கு ஊட்டுகிறவள் அவள்தான். "போகட்டும்" என்று அவள் சொன்னபோது குரல் எப்படி இருந்ததோ, அதை நான் எழுதத் தவறிவிட்டேன். நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியோநாத் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சார்ஜன்ட் உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருந்தது. "டேய், ஒரே ஒரு எறகு போடுடா. உன் கால்ல விழறேன்" என்று கெஞ்சினார். இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

4

சனிக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. பிஷாம். கையில் வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு. உள்ளே ராக்கெட் துள்ளிக்கொண்டிருந்தது.

"கதவத் தொறங்க அத்தான்! சார்ஜன்ட்டு வாயத் தொறக்கலன்னு அக்கா சொன்னா. ராக்கெட்ட எதிர்ல ரெண்டு நிமிஷம் மாட்டுவோம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னா ரோஷம் வந்து தானா பாடிரும்."

குருவி வளர்க்கிற ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது. பாட்டு நின்ற குருவிக்கு எதிரியைக் காட்டு. டியோநாத்தின் கை தாழ்ப்பாள் வரை போய்விட்டது. தெரிந்துவிடுமே! இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடுமே! பாடினால் நல்லது. பாடாவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் ராக்கெட்டும் போய்விடும்.

இந்த்ரானி கூடத்தின் மூலையில் நின்று தலையை ஆட்டினாள். வேண்டாம்.

முடிவு ஒன்று: அவர் திறக்கிறார். (எழுதப் பார்த்தேன். என் கை ஓடவில்லை.)

முடிவு இரண்டு: அவர் டாக்டரைக் கூப்பிடுகிறார், முகமூடியும் கையுறையும் போட்டவர்கள் வந்து மாதிரி எடுக்கிறார்கள், செருப்பை மாற்றுங்கள், கூண்டுகளைக் கலக்காதீர்கள் என்று… (சுகாதாரத் துறையின் துண்டறிக்கை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். அதில் சொன்னதெல்லாம் சரி என்பது வேறு விஷயம்.)

முடிவு மூன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"என்ன அத்தான், தோத்துருவோம்னு பயமா? போன வாரம் ஏதோ குருட்டாம்போக்குல ஜெயிச்சிட்டு என்ன பீத்தல்! பூங்காவே காது கொடுத்துக் கேட்டுச்சே!"

டியோநாத் எதையும் பொறுப்பார், இதைப் பொறுக்கமாட்டார். தெருவுக்கே தெரியும். ஆனால் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தார். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "ஆமாடா. பயந்தான். ராக்கெட்டுதான் பெரிய ஆளு. நான் ஒத்துக்கிட்டேன், போதுமா? போ."

 வெளியே பிஷாம் சிரித்தான். "அட! நாளைக்குப் பூங்காவுல மொத வேல இதச் சொல்றதுதான்!" சீட்டியடித்துக்கொண்டு படியிறங்கினான்.

மானத்தை விட்டு மைத்துனனின் குருவியைக் காப்பாற்றிய மனிதர்! எழுதி முடித்து, பேனாவை மூடி, தேநீர் போடக்கூட எழுந்துவிட்டேன்.

5

அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் எங்கே தொங்கியது? சார்ஜன்ட்டுக்கு எதிரே. முகத்துக்கு முகம். அந்தச் செருப்புக்கும் அந்தத் தினைக்கும் பிறகு. ராக்கெட் இப்போது துள்ளலாம், நாளைக்கும் பாடலாம். டியோநாத்தே தோல்வியை ஒத்துக்கொண்ட குருவி என்று எல்லோரும் அதைத் தங்கள் கூண்டுக்கு எதிரே மாட்டச் சொல்வார்கள். என்னுடைய அழகான முடிவு அதை நேராகப் பூங்காவுக்கு அனுப்பிவைத்திருக்கிறது.

டியோநாத்துக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். கீழே நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. ஜன்னலைத் தூக்கித் திறக்கிற சத்தம். நான் என் ஜன்னலுக்கு ஓடினேன். பிஷாம் தெருமுனையில் நிற்கிறான், கூண்டை மழைக்குக் கோட்டுக்குள் அணைத்தபடி.

"பிஷாம்! நில்லுடா! நாளைக்குப் போகாத! சார்ஜன்ட்டுக்கு…"

இங்கே நிறுத்திவிட்டேன். அடுத்த வார்த்தை தெருவில் விழுந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆட்கள் வருவார்கள். காகிதம் இல்லாத குருவியை எடுத்துப் போவார்கள். ராக்கெட்டையும் எடுத்துப் போவார்கள். பிஷாம் அவரோடு எத்தனை காலம் பேசாமலிருப்பானோ. விழாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். டியோநாத்தின் வாய் திறந்தபடி இருக்கிறது. அவரால் முடியவில்லை, எனக்கும் துணிச்சல் இல்லை.

தெருவைக் கடப்பவர்களுக்கான விளக்கு இன்னும் சிவப்பில் இருக்கிறது. பிஷாம் தலையைப் பாதி திருப்பி, "என்னது?" என்கிறான். வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது.