பின்பக்கமாக நடப்பவள்

அந்தக் கல்லூரியில் வழிகாட்டி மாணவர்கள் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். சுற்றிப்பார்க்க வருகிற பெற்றோருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதில் சேர்க்கை அலுவலகம் கண்டிப்பாக இருந்தது. முதலாண்டு மாணவியான டெஸ்ஸா, வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குப்பைத்தொட்டி மீதும் ஒரு பாதிரியார் மீதும் மோதியிருக்கிறாள். ஏப்ரல் வருவதற்குள் படி எங்கே, மரத்தின் வேர் எங்கே என்று அவள் குதிகாலுக்கே தெரிந்துவிட்டது.

இடம் கிடைத்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு வரவழைக்கும் சனிக்கிழமை அது. எந்தக் கல்லூரியில் சேரப்போகிறோம் என்று மே முதல் தேதிக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

"பெக் உன் குழுவுலதான் வரணும்," என்று ஆனிக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனிக்கா டெஸ்ஸாவின் அறைத்தோழி. பெக் அவளுடைய தங்கை. "வீட்டுப் பக்கத்து யுனிவர்சிட்டிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதானாம். நீ உன் குளத்துக் கதையைச் சொல்லுடி. விழுந்துடுவா."

ஒவ்வொரு வழிகாட்டியும், 'நான் ஏன் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன்' என்று சொல்லித்தான் சுற்றை முடிக்க வேண்டும். டெஸ்ஸாவின் கதைக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு. அவள் முதன்முதலில் வந்த அன்று பனி கொட்டியது. குளத்தருகே வழி தவறி நின்றாள். மளிகைப் பையோடு வந்த ஒரு பேராசிரியர் அவளைப் போக வேண்டிய இடம்வரை கூட்டிப்போய் விட்டார். ஆறு மாதம் கழித்து வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவும் உண்மை.

சொல்லாமல் விட்டதும் உண்மைதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கிற, பேர் சொன்னாலே எல்லோரும் புருவத்தை உயர்த்துகிற ஒரு பல்கலைக்கழகம் அவளை வேண்டாம் என்றதால்தான் அவள் இங்கே வந்தாள். இரண்டாம் ஆண்டுக்கு அங்கேயே மாறிப் போக மறுபடி விண்ணப்பித்தாள். போன வாரம் இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று பதிலும் அனுப்பிவிட்டாள். அதற்குப் பரிந்துரை எழுதித் தந்தவர் அதே மளிகைப் பைப் பேராசிரியர். "உன்னை அனுப்பிவைக்க என் கையாலேயே எழுத வேண்டியிருக்கு பாரு," என்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

ஆனிக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். இந்தக் கல்லூரியின் பெயர் பொறித்த பனியனை அவள் அம்மா தேவாலயத்துக்கே போட்டுக்கொண்டு போவாராம். இதைவிட நல்ல இடம் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருடத்து அறைக்கான குலுக்கலில் இருவருக்கும் குளம் பார்த்த மூலை அறை விழுந்தபோது, ஆனிக்கா கட்டிலில் ஏறிக் குதித்தாள். டெஸ்ஸாவும் கூடவே குதித்தாள்.

ஆனிக்காவின் குடும்பம் விஸ்கான்சினிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தது. இறங்கியதும் ஆனிக்காவின் அம்மா கேரல் ஒரு பையை டெஸ்ஸாவின் கையில் திணித்தார். உள்ளே பாலாடைக்கட்டித் துண்டுகள்.

"நேத்து சாயங்காலம் எடுத்தது. புதுசுங்கறதால கடிச்சா இன்னும் கீச்சுன்னு சத்தம் வரும். இவளுக்குக் குடுக்காத, உனக்குத்தான்."

"அம்மா, நான்தான் உன் பொண்ணு," என்றாள் ஆனிக்கா.

"உன்னைத்தான் பதினெட்டு வருஷமா பாக்குறேனே."

சுற்று முழுக்க அப்பா டுவேன் முன்வரிசையிலேயே வந்தார். பால் லாரி ஓட்டுபவர். "ஏம்மா, என் லாரி கூட ரிவர்ஸ்ல இவ்வளவு நேராப் போகாது," என்றார். மற்ற குடும்பங்களும் சிரித்தன. பெக் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் விலை கேட்பவள் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குளத்தருகே டெஸ்ஸா தன் கதையைச் சொன்னாள். கேரல் கண்ணைத் துடைத்தார். பெக் கட்டிய கையை அவிழ்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? மறுபடி முதல்லேருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னா, இங்கயேதான் வருவீங்களா?"

"கண்டிப்பா," என்றாள் டெஸ்ஸா. குதிகால் தடுமாறவில்லை. பின்னால் இருந்த வேரைக்கூடச் சரியாகத் தாண்டியது.

சேர்க்கை அலுவலக வாசலில் ஒரு வெண்கல மணி இருந்தது. சேருவது என்று அன்றே முடிவு செய்தவர்கள் அதை அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெக் அந்த வரிசையில் போய் நின்றாள். டுவேன் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆனிக்கா டெஸ்ஸாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொன்னேன்ல? உன்னாலதான்!"

அந்தக் கை தோளிலேயே இருந்தது. வரிசையில் பெக்குக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். டெஸ்ஸா ஆனிக்காவையும் இழுத்துக்கொண்டு பெக்கிடம் போனாள்.

"பெக், அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. குளத்துக்கிட்ட நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். நான் இங்கேருந்து போறேன். வேற இடத்துல சீட் கிடைச்சிருக்கு."

ஆனிக்காவின் கை தோளிலிருந்து இறங்கியது.

"எங்க?" என்றாள் பெக்.

டெஸ்ஸா பெயரைச் சொன்னாள். அதை மெதுவாகச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அந்தப் பெயர் உரக்கத்தான் கேட்கும்.

பெக்கின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? அங்க மாறிப் போக முடியுமா? ஒரு வருஷம் இங்க நல்ல மார்க் வாங்கிட்டா போதுமா?"

"நான் அதுக்காகச் சொல்லல—"

"எங்க ஊர் யுனிவர்சிட்டிலேருந்து இப்படி யாரும் போனதே இல்ல. நல்ல வேளை சொன்னீங்க!" முறை வந்துவிட்டது. பெக் ஓடிப்போய் மணிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு தடவை அடித்தால் போதும். அவள் நிறுத்தாமல் அடித்தாள். கேரல் தான் போட்டிருந்த கல்லூரிப் பனியனின் எழுத்துகள் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

ஆனிக்காவும் கைதட்டினாள். தட்டி முடித்துவிட்டு, மணியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"குலுக்கல் அன்னிக்கே அனுப்பியிருந்தியா?"

"விண்ணப்பம்... ஆமா."

"குதிச்சியே."

டெஸ்ஸா பாலாடைக்கட்டிப் பையை மறு கைக்கு மாற்றினாள். ஆனிக்கா இன்னும் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாள் சொல்லாம இருந்தவ, அவகிட்டயாவது சொல்லாம இருந்திருக்கலாம். ஒரு நாளாவது அவளுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கும்."

அலுவலகத்திலிருந்து டெஸ்ஸாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த குழு படிகளில் காத்திருந்தது. பாலாடைக்கட்டிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் பெயர் சொல்லி வரவேற்று, நடக்கத் தொடங்கினாள்.

பின்பக்கமாக நடந்ததால் எல்லாம் தெரிந்தது. புதியவர்களின் தலைகளுக்கு மேலே, மணியைச் சுற்றி அந்தக் குடும்பம் படத்துக்கு நின்றது. டுவேன் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனிக்கா தங்கையின் தோளில் கை போட்டு, கேமராவுக்காகச் சிரித்தாள்.

டெஸ்ஸா நூலகத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போனாள். கட்டட மூலையில் திரும்பும்வரை அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தார்கள்.