நடுச்சுவரில் மணல் ஈ

பதினோரு வருடமாகச் சுகாதாரத் துறையில் பூச்சி பிடிக்கும் வேலையில் இருந்தவள் அவள். எந்த வீட்டுக் கதவைத் தட்டவும் கூச்சம் கிடையாது. தெருவில் அவளுக்குப் பெயரே பூச்சிக்காரிதான். அன்று காலை மட்டும் பட்டியலைப் பார்த்ததும் தயங்கினாள். கறுப்புக் காய்ச்சல் கண்ட வீடு என்று எழுதியிருந்தது அவளுடைய ஓரகத்தியின் வீடு.

"வேற யாரையாவது அனுப்புங்க சார்," என்றாள் மேற்பார்வையாளரிடம்.

"ஆள் எங்கம்மா இருக்கு? ஒரு சுவரைத் தாண்டிப் போறதுக்கு வண்டியா வேணும்?"

ஒரு சுவர்தான். ஆறு வருடம் முன்பு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது வீட்டை இரண்டாக்கிய நடுச்சுவர். அது யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு முறிந்தது. யார் பூசினாலும் சொந்தம் கொண்டாடுவதாகச் சண்டை வரும் என்று இரண்டு பக்கமும் அப்படியே விட்டுவிட்டார்கள். மண் உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

மூத்த ஓரகத்தி கதவைப் பாதிதான் திறந்தாள். "என்ன?"

"சுவரைப் பாக்கணும். காய்ச்சலைப் பரப்புற மணல் ஈ இருக்கான்னு."

"என் வீட்டுக்காரர் படுத்துக் கெடக்கறது கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கா? பாத்துட்டுப் போ."

கணவனின் அண்ணன் சுவரோரக் கட்டிலில் கிடந்தார். மூன்று வாரக் காய்ச்சலில் மனிதர் பாதியாகியிருந்தார். மண்ணீரல் வீங்கி வயிறு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடாகியிருந்தது.

ஓர் அறைக்குப் பதினைந்து நிமிடம் என்பது கணக்கு. கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய், அதன் முனையில் கண்ணாடிக் குழல். பூச்சி தொண்டைக்குள் போய்விடாமல் நடுவில் ஒரு வலைத்துணி. வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் வெடிப்போரம் ஈ தெரியும்: கொசுவில் மூன்றில் ஒரு பங்கு, சிறகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். தொந்தரவு செய்தால் தத்தித் தத்தித் தள்ளிப்போகும். குழலைக் கிட்டே கொண்டுபோய் ஓர் இழுப்பு. பலமாக இழுத்தால் கால் ஒடிந்துவிடும், மெதுவாக இழுத்தால் தப்பிவிடும்.

மூத்தவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். "குழாயில கொண்டாந்து விட்டுட்டு, இங்க புடிச்சதா எழுதுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

வாயில் குழாய் இருக்கும்போது பதில் பேச முடியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. முடித்த பிறகுதான் சொன்னாள்: "ஒன்பது. இந்தத் தெருவிலயே இதுதான் மோசமான வீடு."

"அப்ப உன் பக்கம்? அதே சுவர்தானே? உன் வாசல்ல மட்டும் ஈ செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வெளிய நிக்குமா?"

"ரெண்டு பக்கமும் தாள் வெச்சுப் பாத்துடலாம்."

அன்று சாயங்காலம் விளக்கெண்ணெய் தடவிய வெள்ளைத் தாள்களைச் சுவரின் இரு பக்கமும் பத்துப் பத்தாகச் செருகினார்கள். வந்து உட்காரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். இவள் மாற்றிவிடக் கூடாது என்று மூத்தவள் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு மேற்பார்வையாளரையும் வரவழைத்திருந்தாள்.

காலையில் எண்ணினார்கள். அந்தப் பக்கம் பதினாலு. இவள் பக்கம் ஐம்பத்திரண்டு.

சுவரை ஒட்டி இவள் மூன்று ஆடு கட்டியிருந்தாள். ஈரமும் மக்கிய புழுக்கையும் கலந்த மண்ணில்தான் மணல் ஈ பெருகும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவளேதான். ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட் புட்டியில் போட்டாள். இரண்டு தாளைச் சுருட்டி மறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மூத்தவள் எதிரிலேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு என்றே எழுதினாள்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறா, கொட்டகையைக் காலடியில வெச்சுக்கிட்டு!" தெரு முழுக்கக் கேட்டது.

எண்ணிக்கை அதிகமான வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரமாக "அசதிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் கணவனின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது: அவனுக்கும் கறுப்புக் காய்ச்சல். அன்றே அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

ஆரம்பத்திலேயே தெரிந்ததால் பயமில்லை என்றார் மருத்துவர். மூத்தவள் வீம்பு பிடித்ததால்தான் தெரிந்தது; அவளிடம் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாள் தாளாகக் கையெழுத்துப் போட்ட அந்தக் கையை நினைத்து ஆத்திரம்தான் வந்தது.

மருத்துவமனையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த கட்டில். மூன்றாம் நாளே இருவரும் பேசிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மனைவிகள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சுவரைப் பூசணும்னு சொல்றாங்கண்ணே."

"நீயே பூசுடா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"யாரைக் கேட்டு?" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே மூச்சில்.

கடைசியில் அந்தப் பக்கம் ஒரு கொத்தனார், இந்தப் பக்கம் ஒரு கொத்தனார் என்று பூசி முடித்தார்கள். பூச்சு காய்ந்ததும் மருந்தடித்தாயிற்று. ஆடுகளை இவள் தெருக்கோடிக்கு மாற்றினாள். மூன்று வாரத்தில் இருவரும் தேறி வீடு வந்தார்கள்.

அடுத்த மாதச் சோதனைக்கு மூத்தவள் கதவைத் திறந்து விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் டார்ச் அடித்துத் தேடினாள்.

"சிக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பக் கெளம்பு," என்றாள் மூத்தவள்.