சொதிக்கு நடுவுல சிமெண்ட்

அம்பாசமுத்திரத்துல சாப்பாட்டுக்குன்னு தனியா ருசி கிடையாது. ருசி மாசச் சந்தாவுலதான் வரும். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல மாடியில நாக்குக் கம்பெனி இருக்கு. அங்க போயி வலது கையைப் பதிஞ்சுட்டு வந்தா, அந்தக் கை எதைப் பிசைஞ்சாலும் ருசி இறங்கும். பதியாத கை பிசைஞ்சா கத்திரிக்காயும் ஒண்ணுதான், காலண்டர் அட்டையும் ஒண்ணுதான். ரொம்ப வருசமா இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் ஒரு குறை இல்ல.

மாசி மாசம் கம்பெனிக்காரன் ரேட்டை ஏத்தினான். ஏத்தினதை ஏத்தினேன்னு சொல்வானா? "தங்கள் நாவின் மேன்மைக்காக"ன்னு ரோஸ் கலர்ல ஒரு சீட்டு அனுப்பினான். புது ரேட்டு கட்டாதவங்களுக்குப் பழைய ரேட்டுலயே ருசி உண்டு, நடுநடுவுல விளம்பரம் மட்டும் வரும்னு கீழ பொடி எழுத்துல போட்டிருந்துச்சு.

பந்தல்கார ஆவுடையப்பன் பழைய ரேட்டுலயே நின்னுட்டாரு. மக பகவதிக்குச் சித்திரையில கல்யாணம் வச்சிருந்தாரு. அதுக்கே துண்டு விழுந்துச்சு, நாக்குக்கு எங்க போக?

முதல் விளம்பரம் ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் வந்துச்சு. வத்தக்குழம்பு. மூணு வாய் நல்லாப் போச்சு. நாலாவது வாய் சிமெண்ட். பதினஞ்சு செகண்டு, பல்லிடுக்கு வரைக்கும் சிமெண்ட். ஆவுடையப்பன் பொறுமையா மென்னு முழுங்கினாரு.

"நல்ல சிமெண்ட்தான்" அப்படின்னாரு. "கட்டி தட்டல."

"எனக்கு வேட்டி வந்துச்சுப்பா" அப்படின்னா பகவதி. "கஞ்சி போட்டு மொடமொடன்னு. கரை மட்டும் லேசா இனிச்சுச்சு."

மறுநாள் மோர்க்குழம்புல வீட்டு மனை வந்துச்சு. முதல்ல செம்மண் புழுதி. பின்னாலயே மெல்லிசா டீசல் வாடை. பஸ் ஸ்டாண்ட் நடந்து போற தூரம்தான்னு அர்த்தம். அஞ்சு செகண்டுக்கு அப்புறம் ஊறுகாயைத் தொட்டா விளம்பரத்தைத் தள்ளி விட்டுரலாம். ஊரே அந்த மாசம் அஞ்சு எண்ணி எண்ணி ஊறுகா தொட்டுச்சு. எலுமிச்சங்கா விலை ஏறிப் போச்சு.

ஆவுடையப்பன் சம்சாரம் பிரமு மட்டும் விளம்பரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகு, அடுப்பைத் துடைச்சுட்டு, தனியா உக்காந்து சாப்பிடுறவ. கடைசியா சாப்பிடுறவளுக்கு எந்தக் கம்பெனிக்காரன் விளம்பரம் போடப் போறான்னு ஆவுடையப்பன் நினைச்சுக்கிட்டாரு. கேக்கல.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு. மறுநாள்தான் கண்டம். நம்ம பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போடணும். தேங்காப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்கா, கடைசியில இஞ்சிச் சாறும் எலுமிச்சையும். இதுல கோட்டை விட்டா ஏழு ஜென்மத்துக்கும் பேசுவான்.

அதுலயும் சம்மந்தி குத்தாலிங்கம் இருக்காரே, ஆத்துக்கு அந்தாண்ட கல்லிடைக்குறிச்சி. "ம்ஹ்ஹ்ம்" அப்படின்னு தொண்டையைச் செருமினாருன்னா, தீர்ப்பு வரப்போகுதுன்னு அர்த்தம். அவரோட மூத்த மருமக வடிவு. அவ வீட்டுச் சொதியில ஆறு வருசத்துக்கு முந்தி இஞ்சி கொஞ்சம் கம்மி. அன்னிலேருந்து அவரு அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "அந்த இஞ்சி பத்தாத வீட்டுப் பொண்ணை வரச் சொல்லு" அப்படிம்பாரு. பால்காரன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுறான்.

பகவதி நேத்து முகூர்த்தத்துக்கு உக்காரும்போதே அப்பன் காதுல சொல்லிட்டா. "அப்பா, எனக்குப் பகவதிங்கிற பேரே போதும்ப்பா. சொதியில பாத்துக்கோ."

சிக்கல் என்னன்னா, ஒருத்தன் கைக்குப் பதிஞ்ச ருசி அவன் வீட்டுக் கூப்பிடு தூரம் தாண்டினா வேலை செய்யாது. ஆத்தைத் தாண்டி வர்ற நாப்பது பேருக்கும் இங்க ருசி இருக்காது. விருந்து போடுறவன்தான் கம்பெனியில விருந்துக் கயிறு வாங்கி, ஒவ்வொருத்தர் மணிக்கட்டுலயும் கட்டி விடணும்.

அதனால மறுவீட்டன்னிக்குக் காலையில எட்டு மணிக்கே ஆவுடையப்பன் கம்பெனி மாடிக்குப் போனாரு. மேசையில ஜெபராணின்னு ஒரு பொண்ணு. எதைச் சொன்னாலும் ராகமாச் சொல்லும்.

"வணக்கம் சாஆர். உங்க நாக்கு எங்களுக்கு முக்கியம்."

"நாப்பது கயிறு வேணும்மா. விளம்பரம் இல்லாதது."

"ஒண்ணு நூத்தித் தொண்ணூறு சாஆர்."

"கீழ போர்டுல நூத்திப் பத்துன்னு போட்டிருக்கு?"

"அது நீங்க மாடிப்படி ஏறுறதுக்கு முந்தி சாஆர்."

ஆவுடையப்பன் திரும்பிப் படியை எண்ணிப் பாத்தாரு. இருபது படி. படிக்கு நாலு ரூவா. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

"விளம்பரத்தோட?"

"அது இலவசம் சாஆர். மூணு வாய்க்கு ஒண்ணு வரும். சொதிக்கு மட்டும் ரெட்டையா வரும்."

"அது என்ன சொதிக்கு மட்டும்?"

"சொதி சாப்பிடுறவங்க பாதியில எந்திரிச்சுப் போக மாட்டாங்க சாஆர்."

"ஊறுகாயைத் தொட்டுத் தள்ளிரலாம்லா?"

"ஊறுகா நேத்துலேருந்து மேல்பிளானுக்குப் போயிருச்சு சாஆர்."

இலவசக் கயிறையே வாங்கிக்கிட்டாரு. அதை எண்ணிக் குடுக்கிற வரைக்கும் ஆவுடையப்பன் செவத்துல இருந்த போர்டைப் படிச்சாரு. "பிசைகிற கைக்கே ருசி. ஒரு கையில் ஒரு குடும்பம் எத்தனை பேரும் உண்ணலாம். குடும்பம் அல்லாதார் உண்டால் நேரில் வந்து விசாரிக்கப்படும்." படிச்சுட்டு, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டாரு.

மத்தியானம் பந்தி. பந்தலுக்கு அடியில நாப்பது இலை. நாப்பது மணிக்கட்டுலயும் மஞ்சக் கயிறு. குத்தாலிங்கம் நடு இலையில உக்காந்து, வேட்டியை மடிச்சுச் சொருகி, இலைக்குத் தண்ணி தெளிச்சாரு. பிரமு சொதி வாளியோட வந்தா. பகவதி மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மாமனார் தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்தா.

முதல் வாய். குத்தாலிங்கம் கண்ணை மூடினாரு. ரெண்டாவது வாய். தலை லேசா ஆடுச்சு. ஆவுடையப்பனுக்கு உசுரு வந்துச்சு. மூணாவது வாய்.

நாப்பது வாயும் ஒரே நேரத்துல நின்னுச்சு.

"ம்ஹ்ஹ்ம்" அப்படின்னாரு குத்தாலிங்கம். "வே சம்மந்தி. இஞ்சி சரியா இருக்கு. தேங்காப்பால் பிரமாதம். பஸ் ஸ்டாண்டும் பக்கத்துலதான் இருக்கு."

"ஆமா, நடந்து போற தூரம்தான்" அப்படின்னாரு ஆவுடையப்பன்.

"அதுக்குப் பின்னாடி ஒண்ணு வருதே?"

"தண்ணித் தொட்டி விளம்பரமா இருக்கும் அண்ணாச்சி. பிளாஸ்டிக். மூணு லேயராம்."

"ம். மூணும் தெரியுது."

ரெண்டு வாய் ஒழுங்காப் போகும், மூணாவது வாய்க்கு மறுபடி மனையும் தொட்டியும் வரும். ஒன்பதாவது வாய்ல குத்தாலிங்கம் கையை இலைக்கு மேல அப்படியே நிறுத்திட்டாரு. இலையோட தன் பக்கத்து ஓரத்தை ரெண்டு விரலால பிடிச்சாரு. எதிர்ப்பக்கமா மடிக்கப் போறாரு. மடிச்சுட்டாருன்னா முடிஞ்சுச்சு. பகவதி காலம் பூரா "தொட்டி வீட்டுப் பொண்ணு"தான். பகவதி மெதுவா அந்தப் பேரைத் தனக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டா. பால்காரன் குரல்லயே கேட்டுச்சு.

அப்பத்தான் பிரமு சொதி வாளியைக் கீழ வச்சா. உள்ள போயி பெரிய உருளியைத் தூக்கிட்டு வந்து பந்தி நடுவுல வச்சா. அதுல ஒரு படிச் சோத்தைக் கொட்டினா, மேல சொதியை ஊத்தினா, வளையலை முழங்கைக்கு ஏத்திக்கிட்டுப் பிசைய ஆரம்பிச்சா.

"ஏட்டி பிரமு, என்ன செய்ற?"

"சும்மாருங்க. அண்ணே, கையை நீட்டுங்க."

குத்தாலிங்கத்துக்கு வயசு அறுபத்தி நாலு. அவரு கூட்டுறவு சங்கத்துல செயலாளரா இருந்தவரு. அவரு கையை நீட்டினாரு. பிரமு ஒரு உருண்டை பிடிச்சு வச்சா. வாயில போட்டாரு. அடுத்த உருண்டை. அடுத்தது. மூணாவது உருண்டைக்கு எல்லாரும் அவரு மூஞ்சியைப் பாத்தாங்க. மனை வரல. தொட்டி வரல. வெறும் சொதி, அடி வரைக்கும் சொதி.

"என்னட்டி இது?" அப்படின்னாரு ஆவுடையப்பன்.

"என் கையில விளம்பரம் வராது. கம்பெனி திறந்த அன்னிக்கு ரேஷன்ல பாமாயில் போடுறாங்கன்னு நினைச்சு முதல் ஆளாப் போயி நின்னுட்டேன். ஆயுள் சந்தா போட்டு விட்டுட்டான்."

"இத்தனை வருசமாச் சொல்லவே இல்லையே?"

"நான் சாப்பிடும்போது நீங்க தூங்கிட்டுல்ல இருப்பீங்க."

அதுக்குள்ள நாப்பது கையும் நீண்டுருச்சு. பெரியவங்க, சின்னவங்க, மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், எல்லாரும் வரிசையா உள்ளங்கையைக் குழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பிரமு உருண்டை பிடிக்கப் பிடிக்க, ஆவுடையப்பன் உருளியைச் சுமந்துக்கிட்டுப் பின்னாலயே போனாரு. பதினேழாவது கைக்கு உருண்டை போகும்போது வாசல்ல ஸ்கூட்டி வந்து நின்னுச்சு. ஜெபராணி.

"வணக்கம் சாஆர். ஒரு கையில நிறைய நாக்கு ஓடுதுன்னு ஆபீஸ்ல மணி அடிச்சுச்சு. இவங்கல்லாம் ஒரே குடும்பமா?"

"நேத்துலேருந்து ஒரே குடும்பம்தான்" அப்படின்னாரு குத்தாலிங்கம், வாய் நிறையச் சோத்தோட.

"எல்லாரும் அப்படித்தான் சாஆர் சொல்றாங்க. ஒரு சண்டை போட்டுக் காட்டிருங்க. குடும்பச் சண்டையா இருந்தா முத்திரை குத்திருவேன். விருந்தாளிச் சண்டைன்னா தெரிஞ்சுரும்."

 சம்மந்தி வீட்டாரு மறுவீட்டன்னிக்குச் சண்டை போடுறதாவது? நேத்துப் பழக்கம், சிரிச்சுச் சிரிச்சு வாயே வலிச்சுப் போச்சு. மாப்பிள்ளைத் தோழன் மட்டும், "பாயசம் லேட்டு" அப்படின்னு தைரியமா ஆரம்பிச்சான். ஜெபராணி தலையை ஆட்டிருச்சு. "அது விருந்தாளிச் சண்டை சாஆர்."

குத்தாலிங்கம் யோசிச்சாரு. "ம்ஹ்ஹ்ம். எலுமிச்சை ஒரு சொட்டு ஜாஸ்தி."

"ஓசி உருண்டைக்குச் சொட்டுக் கணக்கா?" அப்படின்னா பிரமு, அடுத்த நிமிசமே. "கையை நீட்டும்போது தெரியலயா சொட்டு? உங்க வீட்டுச் சொதியை நான் நிச்சயதார்த்தத்துல தின்னவதான். முருங்கைக்காயைத் தேடுறதுக்கு ஆள் விடணும்!"

ஆவுடையப்பன் உருளியைக் கீழ வச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சாரு. ஜெபராணி முத்திரையை எடுத்து வாயால ஊதுச்சு. இன்னும் குத்தல.

அப்ப கடைசி இலையிலேருந்து வடிவு எந்திரிச்சா. ஆறு வருசமா வாய் திறக்காத புள்ள. "மாமா. எங்க வீட்டுல அன்னிக்கு இஞ்சி கம்மி இல்ல. உங்களுக்கு அன்னிக்கு ஜலதோசம். மூக்கு அடைச்சிருந்துச்சு. கல்யாண போட்டோ பூரா கர்ச்சீப்போட நிக்கீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க!"

"ஏன் ஆறு வருசமாச் சொல்லல?"

"நீங்க கேட்டாத்தானே!"

ஜெபராணி டமார்னு முத்திரையைக் குத்துச்சு. "போதும் சாஆர். அசல் குடும்பம்." அதுவும் கையை நீட்டுச்சு. பிரமு ஒரு உருண்டை வச்சா. நின்னுக்கிட்டே தின்னுட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

குத்தாலிங்கம் இலையைப் பாத்தாரு. மெதுவா, தன்னைப் பாத்து மடிச்சாரு. திருப்தின்னு அர்த்தம். அப்புறம் செருமினாரு.

"வடிவு" அப்படின்னாரு. "பகவதியையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பும்மா. நேரமாச்சு."

வேன் ஏறும்போது குத்தாலிங்கம் மட்டும் வாசல்லயே கொஞ்சம் நின்னாரு. பக்கத்துக் காலி மனையைப் பாத்தாரு. "தங்கச்சி" அப்படின்னு ஒரு தடவை கூப்பிட்டாரு. உள்ள பிரமு, "என்னண்ணே?" அப்படின்னா. "ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன். கூப்பிடு தூரம்தான்." போயிட்டாரு.

வியாழக்கிழமை காலையில ஆவுடையப்பன் பல் விளக்க வெளிய வந்தாரு. காலி மனையில சம்மந்தியோட கல்லிடைக்குறிச்சி வீடு நின்னுக்கிட்டு இருந்துச்சு. பாலத்து வழியா வந்தா கூட்டமா இருக்கும்னு ஆத்துல இறங்கி நடந்து வந்திருக்கும் போல. முட்டு வரைக்கும் சுவரு ஈரம். படிக்கட்டுல ஒரு கெண்டை மீன் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. முன்வாசல்ல குத்தாலிங்கம் உக்காந்து, முறத்துல பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தாரு. வடிவு மேற்பார்வை.

சன்னல்ல பகவதி தலை தெரிஞ்சுச்சு. "அம்மா! நாங்க பதினோரு பேரு. ரசம் வச்சாச்சா?"

பிரமு அடுக்களையிலேருந்தே குரல் குடுத்தா. "வச்சாச்சு. முதல்ல நான் சாப்பிட்டுருதேன், அப்புறம் வாங்க. அந்த வீட்டைக் காலைத் துடைச்சுட்டு நிக்கச் சொல்லு."

ஆவுடையப்பன் வாயைக் கொப்புளிச்சாரு. உள்ள போயி ஒரு பழைய சாக்கை எடுத்துட்டு வந்து, வீட்டுக்கு அடியில விரிச்சாரு. வீடு ஒரு காலைத் தூக்கிக் குடுத்துச்சு.