பன்னிரண்டாவது கதிரை

பெரிய வியாழன் வந்தால் எங்கள் கோயில் ஆண்களுக்குத் திடீரென்று காலில் நோவு வந்துவிடும். ஆண்டவர் தன் பன்னிரண்டு சீடரின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்குப் பீடத்தின் முன்னால் பன்னிரண்டு கதிரை போடுவார்கள். பதினொன்றுக்கு ஆள் வரும். கடைசிக் கதிரை யூதாசின் கதிரை. அதில் இருந்தவனுக்கு அந்த வருசம் விளங்காது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். ஒருமுறை துணிந்து இருந்த மனுவேலுக்கு வெங்காயம் முழுக்க வெள்ளத்தில் போனது. அந்த வெள்ளத்தில் எல்லாருடைய வெங்காயமும்தான் போனது. அதை யார் கேட்பது?

அதனால் கோயில் வேலைகளைப் பார்க்கும் தங்கராசா அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் பளையில், பெரிய வீதியோரம் இருக்கிறது. பூசைக்கு முன்னர் வீதியில் போய் நின்று வெளியூர் ஆள் ஒருவரைப் பிடித்து வருவார். ஒரு வருசம் லொறிச் சாரதி. இன்னொரு வருசம் மின்கம்பம் நட வந்த சைவப் பெடியன். அவன் நெற்றியில் திருநீற்றோடு வந்து இருந்தான், பழைய பாதரும் கண்டும் காணாததுபோல் கழுவிவிட்டார்.

செம்பு பிடிப்பது நான். பாதர் முழங்காலில் நிற்பார், நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் இந்த ராஜினியின் வாயிலிருந்து என்ன வரும் என்று ஊருக்குத் தெரியும். அது பூசையில் பாதருக்கு உதவியாக நின்ற காலத்தில் என் மகன் தர்ஷன் பிடித்த செம்பு.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் சுதந்திரபுரத்தில் தரப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தோம். இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் அவனை இழுத்தார்கள். பதினேழு வயது. நான் மண்ணில் விழுந்து, அவனை இழுத்துக்கொண்டு போனவனின் வலது காலைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அந்த ஆளின் முகத்தை நான் பார்க்கவில்லை. கால்தான் என் கண்ணுக்கு நேரே இருந்தது. பெருவிரலில் நகமில்லை. கணுக்காலைச் சுற்றி வளையம்போல ஒரு தழும்பு. அந்தக் கால் என்னை உதறிவிட்டுப் போய்விட்டது.

தர்ஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்றுதான் அன்றிலிருந்து நம்பினேன். காணாமல் போனவர்களின் தாய்மாரோடு கிளிநொச்சியில் வீதியோரம் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இருந்தேன். மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று வந்தவர்களைத் முற்றம் கூட்டும் தும்புத்தடியால் அடிக்காத குறையாகத் துரத்தினேன்.

இந்த வருசம் புதுப் பாதர் வந்திருந்தார், இளையவர். யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார், காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்துகொண்டே கழுவினார், இந்தப் பரிசுத்த வாரத்தின் அர்த்தமே அதற்குள்தான் இருக்கிறது என்று பிரசங்கம் வைத்தார். சொல்வதற்கென்ன, சொல்லலாம். அவருக்குப் பிள்ளையா, குட்டியா என்று நினைத்துக்கொண்டு நான் செம்பை நிரப்பினேன்.

தங்கராசா அண்ணை அன்று பிடித்து வந்தது, வவுனியாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த வான் வண்டிக்காரனை. நரைத்த தாடி, சாதுவான முகம். மாட்டேன் என்று நின்றவனைக் கையில் பிடித்து இழுத்து வந்து கடைசிக் கதிரையில் இருத்தினார்.

பதினொரு கால் கழுவி முடிந்தது. பாட்டுக்காரர் இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். வான்காரன் சப்பாத்தைக் கழற்றி வலது காலை நீட்டினான்.

பெருவிரலில் நகமில்லை. கணுக்காலைச் சுற்றித் தழும்பு.

செம்பு கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

"அக்கா, தண்ணி," என்றார் பாதர்.

நான் ஊற்றவில்லை. "என்ர பிள்ளை எங்க?" என்று கேட்டேன்.

பாட்டு நின்றது. வான்காரன் நிமிர்ந்து பார்த்தான். "ஆரம்மா நீங்கள்?"

"சுதந்திரபுரத்தில உன்ர இந்தக் காலைப் பிடிச்சுக் கத்தினவள். என்ர தர்ஷன் எங்க?"

"எந்தத் தர்ஷன்?"

"எத்தினை தர்ஷனைக் கொண்டுபோனனீ?"

தங்கராசா அண்ணை பதறியடித்து ஓடிவந்தார். "ராஜினி, பூசைக்குள்ள இதென்ன கதை?"

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ அண்ணை. நீங்கள்தானே பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்."

வான்காரன் எழும்பி ஓடியிருக்கலாம். கோயில் வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவன் தன்னுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செபமாலை போட்ட பெடியன்," என்றான் மெல்ல. "சாப்பிட முதல் சிலுவை போடுவான். மற்றவங்கள் பகிடி பண்ணினாலும் விடமாட்டான்."

"அவன்தான். எங்க அவன்?"

"அம்மா... அந்தக் கிழமையே செல் விழுந்தது. இரணைப்பாலைப் பக்கம், ஒரு தென்னங்காணிக்குள்ள. நான்தான் குழி வெட்டினனான்."

நான் கத்துவேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்குக் கத்த வரவில்லை. அந்தக் கிழமையே, ஏழு நாள்கூட ஆகமுதல்! நான் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்த வருசங்கள் முழுக்க, அவனுக்குப் பிடிக்கும் என்று ஒடியல் கூழ் காய்ச்சி ஒரு கோப்பை எடுத்துவைத்த நாட்கள் முழுக்க, அவன் மண்ணுக்குள் கிடந்திருக்கிறான். ஒரே ஒரு கேள்விதான் வந்தது. பிள்ளையைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள்.

"குளிப்பாட்டினனீங்களோ?"

அவன் அழத் தொடங்கினான். "தண்ணி எங்கயம்மா இருந்தது? முகத்தைத் துணியால துடைச்சனான். கால் ரெண்டும் ஒரே சேறு. குடிக்க வைச்சிருந்த போத்தல் தண்ணி கொஞ்சம் கிடந்தது. அதை ஊத்திக் கால் ரெண்டையும் கழுவித்தான் குழிக்குள்ள வளத்தினனான்."

பாதர் முழங்காலிலிருந்து எழும்பி, "தாங்கோ அக்கா, நான் ஊத்துறன்," என்று செம்புக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. குனிந்தேன். என்னை உதறிவிட்டுப் போன அந்தக் காலை இடது கையால் பிடித்தேன். இந்த முறை அது உதறவில்லை. செம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினேன்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று ஊரில் கதைக்கிறார்கள். பொய். இன்றைக்கும் அவனை நினைத்தால் வயிறு எரிகிறது. என் பிள்ளையின் காலைக் கழுவியவன் காலில் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான்.

பிறகு செம்பை வைத்துவிட்டு, அந்தக் கதிரைக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தியிருந்து, தலையில் அடித்து, என் மகனுக்கு ஒப்பாரி வைத்தேன். பாதர் தடுக்கவில்லை. அழுகை பெரிய வெள்ளிக்குரியது என்று எல்லாருக்கும் தெரியும். என்னால் அடுத்த நாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை.